பேட்டரி சோலார் போடப் போகிறீர்களா? முதலில் மெயின் போர்டைத் திறங்கள்

"தம்பி, வெயில் மண்டையப் பொளக்குது. மாடியில ஆறு பிளேட்டும் பளபளன்னு நிக்குது. கீழ ஒரு ஃபேன் சுத்தல. ஏமாத்திட்டாங்களா?"

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா போனில் இப்படிக் கேட்டார். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே ஈ.பி. லைனை நிறுத்தியிருந்தார்கள். அக்கா வீட்டில் இருந்தது பேட்டரி இல்லாத சோலார். யாரும் ஏமாற்றவில்லை. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் அந்த இன்வெர்ட்டர் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் தானாக நின்றுவிடும். இதை விற்றவர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் நான் கஜா புயலைத்தான் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையேறியபோது நான் பேராவூரணிப் பக்கம் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே கம்பம் நடும் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே லைன் இழுக்கும்போது பாம்பைவிட ஜெனரேட்டருக்குத்தான் பயந்தோம். மெயினை ஆஃப் செய்யாமல் யாராவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் பிளக்கில் சொருகினால், கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகக் கம்பத்துக்கு ஏறிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி ஹைடென்ஷனாகவும் மாற்றிவிடும். லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டாமல் எவரும் கை வைக்க மாட்டோம். மாடியில் சோலார் வைத்த வீடும் ஒரு ஜெனரேட்டர் வீடுதான். லைன் போனால் அது நிற்கத்தான் வேண்டும்.

பேட்டரியோடு வரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இந்த விதியை மீறுவதில்லை. லைன் போன நொடியில் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் தெரு லைனை வெட்டிவிடும். அதன் பிறகு வீட்டுக்குள் மட்டும் கரண்ட் கொடுக்கும். அந்த இன்வெர்ட்டரின் அடியில் பார்த்தால் வீட்டுக் கரண்டுக்கான இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று ஈ.பி. பக்கம், இன்னொன்று பேக்கப் பக்கம். கரண்ட் போன பிறகு உயிரோடு இருப்பது பேக்கப் வாய் மட்டும்தான். அதில் எந்த ஒயரை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம். ஆனால் வீட்டுக்காரர்கள் என்னிடம் பேனல் எந்தக் கம்பெனி, பேட்டரி எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். மெயின் போர்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

ராத்திரிக் கணக்கு

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஈ.பி. மீட்டரில் ஓடும் யூனிட்டைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி எழுதுங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் ராத்திரிச் செலவு. ஏசி ஓடிய நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பேட்டரி சேர்க்க முடிவெடுத்த அக்கா வீட்டில் ஏசி கிடையாது. மூன்று யூனிட்டும் கொஞ்சமும் வந்தது. அது எங்கே போகிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 2,250 வாட்-மணி, அதாவது இரண்டேகால் யூனிட். ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும். சராசரியாக 40 வாட் என்று வைத்தால் 400. ஒன்பது வாட் பல்பு ஆறு, மூன்று மணி நேரத்துக்கு 162. டிவி இரண்டு மணி நேரம் 140. மோடம் 120. கூட்டினால் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். மீட்டர் சொன்னதும் அதுதான்.

முக்கால் பங்கு ஃபேனுக்கே போகிறது. பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன் 30 வாட்டில் ஓடும். மூன்றையும் மாற்றினால் இரண்டேகால் யூனிட் முக்கால் சொச்சமாக, 900 வாட்-மணியாக, இறங்கும். பேட்டரியைப் பெரிதாக்கிக் காசு செலவழிக்கும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பேட்டரி விற்பவர் இதைச் சொல்லும் வாய்ப்பு குறைவு.

இந்தக் கணக்கில் இன்வெர்ட்டரின் சொந்தச் சாப்பாட்டையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 50 வாட் வரை இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட். பேட்டரியில் இருப்பது டிசி கரண்ட்; அதை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டாக மாற்றும்போது பத்து சதவீதம் போகும். மூன்று ஃபேனையும் மாற்றிய பிறகு, எல்லாம் சேர்த்து அக்கா வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இரண்டரை யூனிட் என்று நின்றது. தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஒயரைப் பிரிப்பது

நான் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். பேட்டரியில் ஓட வேண்டியவை: ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், மோடம், டிவி, போன் சார்ஜ் செய்யும் ஒரு பிளக். வீட்டில் பெரியவர்கள் நெபுலைசர் வைத்திருந்தால் அதுவும். ஓடக் கூடாதவை: ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், போர் மோட்டார். ஒரு ஹெச்.பி. மோட்டார் என்றால் 746 வாட்தானே என்று நினைப்பார்கள். கிளம்பும் கணத்தில் அது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடியில் இன்வெர்ட்டர் படுத்துவிடும். கிரைண்டர் ஓடலாம். மிக்ஸியும் ஓடலாம்.

இரண்டு பட்டியலுக்கும் தனித்தனி டி.பி. பாக்ஸ், அதாவது ஒயர்கள் பிரிந்து போகும் பெட்டி, வையுங்கள். புதிதாகக் கட்டுகிற வீடென்றால் ஒயரிங் சமயத்திலேயே பிரித்துவிடலாம், செலவே தெரியாது. பழைய வீட்டில்தான் கூத்து. கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரைப் பிரிப்பது சுலபம். அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரை யாரும் பிரிப்பதில்லை. நம் பக்கத்துப் பழைய ஒயரிங்கில் ஹால் லைட்டுக்கும் சமையலறை பிளக்குக்கும் ஒரே நியூட்ரலை லூப் போட்டு ஓட்டியிருப்பார்கள். ஃபேஸ் பேக்கப் பெட்டியிலிருந்து போய், நியூட்ரல் ஈ.பி. பெட்டிக்குத் திரும்பினால், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அதைக் கசிவு என்று நினைத்து விழும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. அக்கா வீட்டில் இது படுக்கையறை சுவிட்ச் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கறுப்பு ஒயர் நாலு ஒரே முறுக்கில், மேலே இன்சுலேஷன் டேப், அதற்கு மேலே பல்லி முட்டை. கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நியூட்ரலைப் பற்றி இன்னொன்று. ஈ.பி. கரண்ட் வரும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் ஆகியிருக்கும். லைன் வெட்டப்பட்டு இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரலுக்கு அந்த எர்த் கிடைக்காமல் போகலாம். அப்போது யாருக்காவது ஷாக் அடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது. நல்ல இன்வெர்ட்டர்கள் பேக்கப்புக்கு மாறும்போது நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே ஒரு ரிலேயால் இணைத்துக்கொள்ளும். உங்களுடையது இதைச் செய்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மாட்டிய பிறகு, லைன் இல்லாத நேரத்தில் மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் நல்லது. நூறு வோல்ட் காட்டினால் வேலை முடியவில்லை.

மாடியில்

அக்கா வீட்டில் 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். ஆக பதின்மூன்று யூனிட் பக்கம். தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வு போதும். சித்திரை வெயிலில்தான் அதிகம் வரும் என்று எண்ண வேண்டாம். பேனல் சூடாகச் சூடாக அதன் திறன் இறங்கும். உச்சி வெயிலில் அது 65 டிகிரி தொட்டால் பத்துப் பதினைந்து சதவீதம் போய்விடும். மாசி, பங்குனியில் கிடைப்பதுதான் எனக்குப் பிடித்த வெயில்.

எங்கள் ஊரில் வெயிலைவிடத் தென்னை பெரிய விஷயம். ஆறு பேனலும் மாலைபோல ஒரே தொடராக இணைந்திருக்கும். ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தால், அந்தப் பேனலின் கரண்ட் குறைந்து மொத்தத் தொடரையும் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு பேனலின் பின்னாலும் மூன்று பைபாஸ் டையோடு இருப்பதால், நிழல் விழுந்த மூன்றில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றவை ஓடும். ஆனாலும் இழப்பு இழப்புதான். கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது மாடி உயரத்தைத் தாண்டிவிட்டன. பேனல் வைக்கும் வருஷம் நிழல் இல்லை என்பதை நம்பாதீர்கள். தெற்கிலும் மேற்கிலும் நிற்கும் தென்னை இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே நிற்கும் என்று பாருங்கள். மட்டையும் குலையும் பேனல் மேலேயே விழும் தூரத்தில் மரம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஸ்டாண்டு காலைத் தளத்தில் போல்ட் போட்டு, மேலே கான்கிரீட் பாதம் கட்டச் சொல்லுங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்த ஊர் இது. செங்கல்லை அடுக்கி வெயிட் வைத்தோம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. எர்த் குழி மூன்று: டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று.

ஆறு பேனல் தொடரில் 290 வோல்ட் பக்கம் டிசி நிற்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானாக அறும். டிசிக்கு அந்த இடைவெளியே இல்லை. பொறி நீண்டு நிற்கும், பிளாஸ்டிக்கை உருக்கும். முதலில் டிசி ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள், அதன் பிறகு கனெக்டர்.

பேனலிலிருந்து எவ்வளவு கரண்ட் இழுப்பது என்று பார்த்துக்கொள்ள இன்வெர்ட்டருக்குள் எம்.பி.பி.டி. என்று ஒன்று உண்டு. போரில் ஊறுகிற தண்ணீருக்கு மேல் மோட்டார் இழுத்தால் காற்று வாங்கும். குறைவாக இழுத்தால் ஊற்று வீணாகும். வால்வைத் திருகித் திருகிச் சரியான இடத்தில் நிறுத்துகிற ஆள்தான் எம்.பி.பி.டி. மேகம் வந்து போகும் ஒவ்வொரு நிமிஷமும் அது அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி

பழைய இன்வெர்ட்டரோடு வரும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். கையில் நிற்பது முக்கால் சொச்சம், 0.9 யூனிட். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை வேறு. புதிதாகப் போடுபவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தால் அது உழைக்கிறவரை உழைக்கட்டும். பழையதையும் புதியதையும் கலந்து மட்டும் மாட்டாதீர்கள்.

இப்போது வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட். பதினாறு செல் தொடரில் 51.2 வோல்ட். 100 ஏ.எச். என்றால் 5.12 யூனிட். இருபது சதவீதத்தை அடியில் விட்டாலும் நாலு யூனிட் கிடைக்கும். அக்காவின் இரண்டரை யூனிட் ராத்திரிக்கு ஒன்றரை ராத்திரி தாங்கும். காலியானதை 50 ஆம்பியரில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் நிறையும். நல்ல வெயில் நாளில் பதினோரு மணிக்குள் பேட்டரி நிறைந்து, மிச்சம் ஈ.பி.க்குப் போகும்.

செல்களைக் காவல் காக்க பி.எம்.எஸ். என்ற பலகை பேட்டரிக்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து இன்வெர்ட்டருக்கு நெட் கேபிள் மாதிரி ஒரு ஒயர் போகும். நான் முதன்முதலில் லித்தியம் மாட்டிய வீட்டில் அந்த ஒயரை மாட்டவில்லை. பிளஸ், மைனஸ் கொடுத்தாயிற்று, ஓடுகிறது, வந்துவிட்டேன். மழை பெய்த ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீட்டு ஐயா போன் செய்தார்: "இன்வெர்ட்டர்ல அம்பது பர்சன்ட் காட்டுது தம்பி. ஆனா வீடே இருட்டு." அந்த ஒயர் இல்லாததால் இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்து அளவைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி இறங்க இறங்க வோல்டேஜும் இறங்கும். லித்தியம் அப்படியில்லை. முக்கால் நிறைந்திருந்தாலும் கால் நிறைந்திருந்தாலும் 52, 53 வோல்ட்டிலேயே நிற்கும். கடைசியில் திடீரென்று விழும். பி.எம்.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள வெட்டிவிட்டது. காலையில் போய் ஒயரை மாட்டி, இன்வெர்ட்டர் மெனுவில் பேட்டரி வகையையும் லித்தியத்துக்கு மாற்றினேன். ஐயா டீ கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் ஏறும் ஊரில் இடுப்பு உயரச் சுவர்தான் அதற்கு இடம். மேற்கு வெயில் படும் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேண்டாம்.

ஐப்பசியில் மாற்ற வேண்டிய ஒரு நம்பர்

இன்வெர்ட்டர் மெனுவில் எஸ்.பி.யு. என்று ஒரு முறை இருக்கும். முதலில் சோலார், அடுத்தது பேட்டரி, கடைசியில் ஈ.பி. என்று அர்த்தம். மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதை வைத்துவிட்டுப் போவார்கள். ராத்திரியில் ஈ.பி. கரண்ட் இருந்தாலும் வீடு பேட்டரியில்தான் ஓடும். வாங்கிய யூனிட்டையும் அனுப்பிய யூனிட்டையும் கணக்கு வைக்கும் நெட் மீட்டர் இருக்கும் வீட்டுக்கு இது தேவையே இல்லை. பகலில் நீங்கள் அனுப்பிய யூனிட் கணக்கில் கழிந்துவிடுகிறது. தெருவே உங்கள் பேட்டரி. வீட்டு பேட்டரியைத் தினமும் ஏற்றி இறக்குவது லாபமா என்று பார்க்க ஒரு வகுத்தல் போதும். 6,000 முறை ஏறி இறங்கும் என்று கம்பெனி சொன்னால், நாலு யூனிட் வீதம் 24,000 யூனிட். உங்களுக்குச் சொன்ன பேட்டரி விலையை 24,000-ஆல் வகுங்கள். வருகிற ரூபாய் ஒரு யூனிட்டின் தேய்மானம். உங்கள் ஈ.பி. பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியம் பருவம். நமக்குப் புயலும் நீண்ட கரண்ட் கட்டும் வருவது ஐப்பசி, கார்த்திகையில். சோலார் படுத்துக்கொள்வதும் அதே மாதங்களில்தான். பதின்மூன்று யூனிட் தரும் பேனல் அடைமழை நாளில் மூன்று யூனிட்டுக்குக் கீழே இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் முந்தின ராத்திரி பேட்டரியை இருபது சதவீதத்துக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை இருப்பு அளவை 80 சதவீதத்தில் வையுங்கள். ஈ.பி. கரண்ட் இருக்கும்வரை பேட்டரி அதற்குக் கீழே இறங்காது. லைன் போனால் மட்டும் இறங்கும். பொங்கலுக்குப் பிறகு 30-க்குக் கொண்டுவரலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்று ஈ.பி.யிலிருந்தே ஏற்றி 100 ஆக்கிவிடுங்கள், மெனுவில் ஈ.பி. சார்ஜிங்கை ஆன் செய்தால் போதும்.

மழை நாளில் மூன்று யூனிட் வந்தாலும் அக்காவின் இரண்டரை யூனிட் ராத்திரி அதற்குள் அடங்குகிறது பாருங்கள். ஃபேனை மாற்றச் சொன்னது இதற்காகவும்தான்.

பணம்

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ஈ.பி. லைனோடு சேராத சோலாருக்கு இந்த மானியம் கிடையாது. பேட்டரிக்கு மானியம் இல்லை. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் ரேட் ஏறும் என்பதால், 500-க்குச் சற்று மேலே நிற்கும் வீட்டுக்குச் சோலாரில் போட்ட பணம் சீக்கிரம் கைக்கு வரும். அக்கா மாதிரி பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைபிரிட் வைப்பவர்கள் ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். புதிய இன்வெர்ட்டரின் டிசி வோல்டேஜ் வரம்புக்குள் உங்கள் பேனல் தொடர் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

துடைப்பது காலை ஆறு மணிக்கு, பேனல் சூடேறும் முன். உப்புத் தண்ணீர் போர் என்றால் கடைசியாக ஒரு குடம் மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஒப்படைக்கும் நாளில் மாட்டியவரைச் சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர் நிற்கும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள். எந்த லைட் அணைகிறது, எது எரிகிறது என்று அறை அறையாக நடந்து பாருங்கள். டிவி ஓடும்போது ஃபிரிட்ஜைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி சொருகி, கம்ப்ரஸர் கிளம்பும்போது டிவி மினுக்குகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். நியூட்ரல், எர்த் அளவை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்குத் திரையில் எத்தனை சதவீதம் என்று அதே காலண்டர் தாளில் எழுதிவிட்டு, மெயினை ஆன் செய்யாமலேயே படுத்துத் தூங்குங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி எழுதுங்கள். அக்கா வீட்டில் 98-இல் ஆரம்பித்து 49-இல் முடிந்தது. கணக்கில் எழுதிய இரண்டரை யூனிட் அப்படியே வந்தது. மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.